விந்தணுவைப் பிடித்து நிறுத்தும் திரவம்

செமன் அனாலிசிஸ், அதாவது விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் மூன்று வரிகளுக்குத்தான் போகும். எண்ணிக்கை எவ்வளவு, எத்தனை சதவீதம் நீந்துகிறது, வடிவம் சரியாக இருக்கிறதா. அதே தாளில் மேலே அளவு எத்தனை மில்லி, பிஹெச் (அமில-கார அளவு) எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் நீர்த்தது, சில இடங்களில் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அந்த வரிகளை யாரும் படிப்பதில்லை, டாக்டரும் பல நேரம் அதைத் தாண்டித்தான் பேச ஆரம்பிப்பார். அவை விந்தணுவைப் பற்றியவை அல்ல, விந்தணு மிதக்கும் திரவத்தைப் பற்றியவை.

இந்தத் திரவம்தான் விந்தின் பெரும்பகுதி. ஒருமுறை வெளிவரும் விந்தில் விந்தணுக்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும், கன அளவில் பார்த்தால் அவை நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. மீதியில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாக, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு விந்துப்பைகள் சுரந்தது, கால் பங்கு போல புராஸ்டேட் சுரந்தது, கொஞ்சம் கௌப்பர் சுரப்பிகளிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வருவது. பள்ளிப் பாடத்தில் இதற்கு ஒரே வரிதான்: விந்தணுவுக்கு உணவும் நீந்த ஊடகமும் தருகிறது. தப்பில்லை, ஆனால் அது கதையின் சின்னப் பகுதி. கடந்த எழுபது வருட ஆராய்ச்சியைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: இந்தத் திரவம் விந்தணுவைக் கிளப்பிவிடுவதற்குச் செய்யும் வேலையைவிட, அது முன்கூட்டியே தயாராகிவிடாமல் பிடித்து வைப்பதற்குச் செய்யும் வேலை அதிகம்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் எம். சி. சாங். 1951-ல் அமெரிக்காவில் அவரும், ஆஸ்திரேலியாவில் சி. ஆர். ஆஸ்டினும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் வெளிவந்த விந்தணுவை நேராகக் கருமுட்டை இருக்கும் கருக்குழாயில் விட்டால் கருத்தரிப்பு உடனே நடப்பதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகுதான் முட்டைக்குள் நுழையும் தகுதியைப் பெறுகிறது. நல்லா நீந்துகிறது, உயிரோடு இருக்கிறது, ஆனாலும் வேலைக்கு ஆகாது. இந்தப் பக்குவப்படுதலுக்குத்தான் கெபாசிட்டேஷன் என்று பெயர்.

அதைவிட முக்கியமான சோதனை 1957-ல் வந்தது. சாங், பெண் முயலின் கருப்பையில் பக்குவப்பட்ட விந்தணுக்களை எடுத்து, அவற்றை மறுபடி விந்துத் திரவத்தில் போட்டார். தகுதி போய்விட்டது. விந்தணு சாகவில்லை, நீந்துவதும் நிற்கவில்லை, முட்டையைக் கருவாக்கும் திறன் மட்டும் போய்விட்டது. அதே விந்தணுவை மறுபடி பெண் முயலின் உடலுக்குள் விட்டுக் காத்திருந்தால் தகுதி திரும்ப வந்தது. அதாவது திரவத்தில் இருக்கும் ஏதோ ஒன்று விந்தணுவின் மேல் ஒட்டிக்கொண்டு பிரேக் போடுகிறது, பெண்ணுடல் அதைக் கழற்றிவிடுகிறது, மறுபடி ஒட்டினால் மறுபடி பிரேக். 1962-ல் பெட்ஃபோர்டும் சாங்கும் விந்துத் திரவத்தை மிக வேகமாகச் சுழற்றி அடியில் படிந்ததை நீக்கியபோது, மேலே நின்ற திரவத்துக்கு அந்தத் தடுக்கும் குணம் இல்லை. ஆக, அந்த 'ஏதோ ஒன்று' கனமான துகளாகவோ துகளில் ஒட்டியதாகவோ இருக்க வேண்டும். அது என்ன என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. பல பொருட்கள் சேர்ந்து செய்யும் வேலை அது, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் விந்தணு எந்த நிலையில் இந்தத் திரவத்தைச் சந்திக்கிறது என்று பார்ப்போம். விரையில் உருவாகி, அதன் மேல் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள் குழாயின் கடைசிப் பகுதியில் விந்தணு சேமிக்கப்பட்டிருக்கும். அங்கே சூழல் லேசான அமிலத்தன்மை, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் உப்பு ரொம்பக் குறைவு. அதனால் விந்தணு கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். வெளியேற்றம் தொடங்கும்போது முதலில் புராஸ்டேட் சுரப்பும் பெரும்பாலான விந்தணுக்களும் சேர்ந்து வருகின்றன, விந்துப்பைச் சுரப்பு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஆய்வகத்தில் எல்லாம் ஒரே கப்பில் விழுந்து கலந்துவிடுவதால் இந்த வரிசை மறந்தே போகிறது. இயற்கையில் முதல் பகுதி கருப்பை வாயின் சளியைத் தொடும் நேரத்தில் விந்துப்பைத் திரவம் அவ்வளவாக வந்து சேர்ந்திருக்காது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த பியோர்ன்டாலும் க்விஸ்டும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். விந்தணுவின் தலைக்குள் டிஎன்ஏ இறுக்கமாகச் சுருண்டு கிடப்பதற்கு துத்தநாகம் உதவுகிறது, அந்தத் துத்தநாகம் புராஸ்டேட் திரவத்தில் ஏராளம், ஆனால் விந்துப்பைத் திரவத்தில் அதிக நேரம் ஊறினால் அந்தத் துத்தநாகத்தை அங்குள்ள புரதங்கள் உருவிவிடும் என்பது அவர்கள் வாதம். மாதிரி கொடுக்கும்போது முதல் சொட்டு தவறிப்போயிருந்தால் ரிப்போர்ட்டையே நம்ப முடியாது என்று ஆய்வகத்தில் சொல்வதற்கும் இந்த வரிசைதான் காரணம். விந்தணு அடர்த்தியாக இருப்பது அந்த முதல் பகுதியில்.

அடுத்து நடப்பதை நான் எப்போது படித்தாலும் ரசிப்பேன். புராஸ்டேட் திரவத்தில் பிஎஸ்ஏ என்ற நொதி இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரத்தத்தில் பார்ப்பார்களே, அதேதான். அதன் உண்மையான வேலை புரதங்களை வெட்டுவது. ஆனால் புராஸ்டேட்டுக்குள் இருக்கும்வரை அதைச் சுற்றிலும் துத்தநாகம் நிறைந்திருப்பதால் அந்த நொதியின் வாய் கட்டப்பட்டே இருக்கும். விந்துத் திரவத்தில் துத்தநாகத்தின் அடர்த்தி ரத்தத் திரவத்தில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேல். மறுபக்கம், விந்துப்பைகள் செமினோஜெலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. இரண்டும் கலந்தவுடன் செமினோஜெலின் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு நார் நாராகப் பின்னிக் கெட்டியான ஜெல் ஆகிவிடுகிறது, விந்தணுக்கள் அதற்குள் சிக்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். ஆனால் துத்தநாகத்தைச் செமினோஜெலின் பறித்துக்கொண்டதால் பிஎஸ்ஏ-வின் கட்டு அவிழ்ந்துவிடுகிறது, அவிழ்ந்த பிஎஸ்ஏ அந்தச் செமினோஜெலினையே துண்டு துண்டாக வெட்டத் தொடங்குகிறது. ஜெல்லை உண்டாக்கும் செயலே ஜெல்லைக் கரைக்கும் கடிகாரத்தையும் முடுக்கிவிடுகிறது. பொதுவாக 15 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் எல்லாம் நீர்த்துவிடும், ஒரு மணி நேரத்துக்கு மேல் கெட்டியாகவே இருந்தால் ரிப்போர்ட்டில் குறிப்பிட்டு எழுதுவார்கள்.

செமினோஜெலின் விந்தணுவை வலையில் பிடிப்பதோடு நிற்பதில்லை. விந்தணுவின் மேற்பரப்பில் எப்பின் என்ற புரதம் இருக்கிறது, செமினோஜெலின் அதன்மேல் நேராகப் போய் ஒட்டும். ஒட்டினால் விந்தணுவின் முன்னோக்கிய நீச்சல் நின்றுவிடும். பிஎஸ்ஏ வெட்டி எடுத்த பிறகுதான் அது விடுபடும். இதைப் பார்த்ததும் சிலருக்கு வேறொரு யோசனை வந்தது: எப்பினை நிரந்தரமாக அடைத்துவிட்டால் ஆணுக்கான கருத்தடை ஆகாதா? 2004-ல் ஓராண்ட் குழுவினர் ஆண் குரங்குகளுக்கு எப்பினுக்கு எதிரான எதிர்ப்பு சக்தியைத் தூண்டினார்கள். ஒன்பதில் ஏழு குரங்குகளுக்கு எதிர்ப்பொருள் போதுமான அளவு உண்டானது, அந்த ஏழும் குட்டி போட வைக்க முடியாத நிலைக்குப் போயின. நிறுத்திய பிறகு ஐந்து மீண்டன, இரண்டு மீளவில்லை. தடுப்பூசி வழி என்றால் இதுதான் சிக்கல். பிறகு 2018-ல் இபி055 என்ற சிறு மூலக்கூறை வைத்து, எதிர்ப்பு சக்தியைத் தொடாமலே குரங்குகளில் விந்தணுவின் அசைவைத் தற்காலிகமாகக் குறைத்துக் காட்டினார்கள்.

சரி, எல்லாமே தடுப்புதானா? இல்லை. எபிடிடிமிஸில் தூங்கிக்கொண்டிருந்த விந்தணுவை எழுப்புவதும் இதே திரவம்தான், அதில் முக்கிய ஆள் பைகார்பனேட். விந்துத் திரவத்தில் பைகார்பனேட் சட்டென்று பல மடங்கு அதிகமாகக் கிடைக்கிறது. விந்தணுவுக்குள் இருக்கும் ஒரு தனி வகை அடினைலைல் சைக்ளேஸ் நொதி பைகார்பனேட்டை நேரடியாக உணரக்கூடியது. அது தூண்டப்பட்டதும் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு உருவாகும், அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை எழுப்பும், வால் அடிக்கத் தொடங்கும். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும். இந்த ஒரே நொதியை அடைத்தால் என்ன ஆகும் என்று 2023-ல் எலிகளில் பார்த்தார்கள். ஒரு டோஸ் மருந்தில் இரண்டரை மணி நேரம் வரை விந்தணுக்கள் அசையவில்லை, அடுத்த நாள் பழையபடி ஆகிவிட்டன.

பைகார்பனேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெண்ணின் பிறப்புறுப்புப் பாதை இயல்பாகவே அமிலம், பிஹெச் 4-க்குப் பக்கம். பாக்டீரியாக்களிடமிருந்து காப்பாற்ற அது தேவை, ஆனால் விந்தணு அந்த அமிலத்தில் சீக்கிரமே செத்துவிடும். விந்துத் திரவத்தின் பிஹெச் 7.2-க்கு மேல், அமிலத்தை முறிக்கும் திறனும் நன்றாகவே இருப்பதால் சில வினாடிகளில் அந்த இடம் விந்தணு வாழக்கூடியதாக மாறிவிடுகிறது. இது ஒரு குறுகிய கால ஏற்பாடு, அந்த நேரத்துக்குள் விந்தணு கருப்பை வாயின் சளிக்குள் நுழைந்துவிட வேண்டும்.

ஆக பைகார்பனேட் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறது. பக்குவப்படுதலின் முதல் படியும் இதே சைக்ளிக் ஏஎம்பி வழிதான். அப்படியானால் விந்தணு விந்துக்குள்ளேயே பக்குவப்பட்டுவிட வேண்டாமா? அங்கேதான் கொலஸ்ட்ரால் வருகிறது. விந்தணு பக்குவப்பட வேண்டுமென்றால் அதன் தலையைச் சுற்றியுள்ள சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேற வேண்டும், அப்போதுதான் சவ்வு இளகி, கால்சியம் உள்ளே வந்து, பின்னால் முட்டையோடு இணையும் நிலைக்கு வரும். விந்துத் திரவம் இதற்கு நேரெதிராக வேலை செய்கிறது, கொலஸ்ட்ராலை வெளியே விடுவதற்குப் பதிலாக இன்னும் கொண்டுவந்து சேர்க்கிறது. புராஸ்டேட்டிலிருந்து வரும் புராஸ்டசோம் என்ற நுண்ணிய கொப்புளங்கள் இருக்கின்றன, கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பும் நிறைந்தவை, விந்தணுவோடு ஒட்டக்கூடியவை, சில சூழல்களில் அதன் சவ்வோடு கலந்தேவிடக்கூடியவை. பெட்ஃபோர்டும் சாங்கும் வேகமாகச் சுழற்றியபோது அடியில் போய்ப் படிந்தவற்றில் இந்த வகைக் கொப்புளங்கள் இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புராஸ்டசோமைச் சும்மா பிரேக் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2011-ல் வந்த ஒரு ஆய்வில், விந்தணுவோடு சேர்ந்த புராஸ்டசோம்கள் கால்சியம் சமிக்ஞைக்குத் தேவையான சில கருவிகளையும் அதற்குக் கொடுக்கின்றன, பின்னால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வரும்போது அவை பயன்படுகின்றன என்று காட்டினார்கள். விந்தணு சொந்தமாகப் புதுப் புரதம் செய்ய முடியாத செல். டிஎன்ஏ இறுக்கிக் கட்டப்பட்டுவிட்டது, சைட்டோபிளாசம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வழியில் யார் எதைக் கொடுத்தாலும் அதுதான் அதற்கு மூலதனம்.

துத்தநாகத்துக்குத் திரும்பி வருவோம், ஏனென்றால் அது ஜெல் கதையோடு முடியவில்லை. விந்தணுவின் வால் சவ்வில் ஹெச்வி1 என்று ஒரு புரோட்டான் வாயில் இருக்கிறது, கதவுபோலத் திறந்து மூடும் புரதம் அது. அது திறந்தால் உள்ளிருக்கும் அமிலம் வெளியேறி, விந்தணுவின் உட்புறம் காரத்தன்மை நோக்கி நகரும். 2010-ல் லிஷ்கோவும் கிரிசோக்கும் சேர்ந்த குழு மனித விந்தணுவில் இதை அளந்து காட்டியபோது, துத்தநாகம் இந்த வாயிலை அடைத்துவிடுகிறது என்பது தெளிவானது. விந்துத் திரவத்தில் துத்தநாகம் ஏராளம், ஆகவே வாயில் மூடியே கிடக்கும். பெண்ணுடலில் மேலே போகப் போகத் துத்தநாகம் கரைந்து குறைந்து, அங்குள்ள புரதங்கள் மீதியையும் பிடித்துக்கொள்ளும். வாயில் திறக்கிறது, உள்ளே பிஹெச் ஏறுகிறது, பிஹெச் ஏறினால் கேட்ஸ்பர் என்ற கால்சியம் வாயில் திறக்க ஏதுவாகிறது. 2001-ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த கேட்ஸ்பர் விந்தணுவின் வாலில் மட்டுமே உண்டு, இது இல்லாத ஆண் எலிகள் மலடு. முட்டையைச் சுற்றியிருக்கும் செல்கள் விடும் புரோஜெஸ்டிரோன் இந்த வாயிலைத்தான் மனித விந்தணுவில் திறக்கிறது என்று 2011-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. கால்சியம் உள்ளே கொட்டியதும் வால் சாட்டைபோல வெறித்தனமாக அடிக்கும், அந்த அடியில்தான் முட்டையின் உறையைத் துளைக்கும் வலு வருகிறது.

இதில் ஒரு சுவாரசியமான முரண் இருக்கிறது. விந்துத் திரவத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் போன்ற பொருட்களும் மிக அதிகம், அவற்றில் சில கேட்ஸ்பரைத் திறக்கக்கூடியவை என்று அதே 2011 ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு கையால் திறக்கும் பொருளை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் துத்தநாகத்தை வைத்து அடைக்கிறது திரவம். நேர்த்தியாகத் திட்டமிட்ட இயந்திரம் மாதிரி இதைச் சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் உடல் அப்படி வேலை செய்வதில்லை. வெவ்வேறு சுரப்பிகள் வெவ்வேறு காரணங்களுக்காகச் சுரந்தவை ஒன்றாகக் கலக்கும்போது கிடைக்கும் நிகர விளைவைத்தான் நாம் பார்க்கிறோம், அந்த நிகர விளைவு 'இப்போது வேண்டாம்' என்பது.

ஏன் இவ்வளவு கவனமாகத் தள்ளிப்போட வேண்டும்? பக்குவப்பட்ட விந்தணு அதிக நேரம் தாங்காது, அதனால்தான். மனிதர்களில் எந்த ஒரு நேரத்தில் பார்த்தாலும் பக்குவ நிலையில் இருப்பவை பத்தில் ஒன்று போலத்தான். ஒவ்வொன்றும் அந்த நிலையில் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் இருந்துவிட்டுக் கழிந்துபோகும், புதிதாக வேறு சில பக்குவப்பட்டு அந்த இடத்துக்கு வரும் என்று 1990-களில் இஸ்ரேலில் ஐசன்பாக் குழு காட்டியது. கருமுட்டை வெளிவருவதற்கு ஐந்து நாள் முன்பு வரை நடந்த சேர்க்கைகூடக் கருவாக முடிகிறது என்று 1995-ல் வில்காக்ஸ் குழு காட்டியிருக்கிறது. எல்லா விந்தணுவும் வெளிவந்த அரை மணியிலேயே பக்குவப்பட்டுவிட்டால் இந்த ஐந்து நாள் கணக்குக்கு வாய்ப்பே இல்லை. தலையில் தொப்பிபோல இருக்கும், முட்டையின் உறையைக் கடக்க உதவும் நொதிகள் கொண்ட அக்ரோசோம் பையை வழியிலேயே வெடித்துவிட்டு முட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றால் அதனால் ஒரு பயனும் இல்லை.

தடுப்பு வெறும் நேரக் கட்டுப்பாடு மட்டுமல்ல, கவசமும்கூட. எலிகளில் செமினோஜெலினுக்கு ஒப்பான எஸ்விஎஸ்2 என்ற புரதம் விந்துப்பையிலிருந்து வருகிறது. அதை நீக்கிய ஆண் எலிகளின் விந்தணுக்கள் பெண் எலியின் கருப்பைக்குள் போனதும் அங்கேயே சவ்வு கிழிந்து செத்துப்போயின என்று 2014-ல் ஜப்பானில் கவானோ குழுவினர் கண்டார்கள். ஆய்வகத் தட்டில் அதே விந்தணுக்களுக்குக் குறை இல்லை. கருப்பை எல்லா அந்நிய செல்களையும் வரவேற்கும் இடம் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆக்சிஜனால் வரும் சேதம் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1943-லேயே ஜான் மக்ளவுட், ஆக்சிஜன் அதிகமான சூழலில் மனித விந்தணு அசைவை இழப்பதைக் கண்டு, அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு காரணம் என்று சொன்னார். விந்தணுவின் சவ்வில் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பமிலங்கள் அதிகம், பாதுகாக்கும் நொதிகளை வைத்துக்கொள்ள உள்ளே இடமில்லை. அந்தப் பாதுகாப்பைத் திரவம் செய்கிறது: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், யூரிக் அமிலம், வைட்டமின் சி என்று. இங்கேயும் அளவு முக்கியம், ஏனென்றால் இப்படிச் சேதம் செய்யக்கூடிய, வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொஞ்சமே கொஞ்சம் பக்குவப்படுதலுக்கே தேவை. முழுவதும் துடைத்து எடுத்துவிட்டாலும் விந்தணு தயாராகாது.

அப்புறம் ஃப்ரக்டோஸ். எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். விந்தில் இருக்கும் சர்க்கரை குளூக்கோஸ் அல்ல, ஃப்ரக்டோஸ் என்று 1946-ல் தாடியஸ் மான் உறுதிப்படுத்தினார். அது விந்துப்பையிலிருந்து வருகிறது, விந்தணு அதை எரித்துச் சக்தி எடுக்கும். ஆனால் விந்தணு திரவத்தை விட்டுச் சளிக்குள் போய்விட்டால் அந்த ஃப்ரக்டோஸ் பின்னாலேயே நின்றுவிடும், அதற்கு மேல் பாதையில் கிடைக்கும் குளூக்கோஸும் பைருவேட்டும்தான். மருத்துவத்தில் ஃப்ரக்டோஸுக்கு இருக்கும் பெரிய பயன் வேறு. ரிப்போர்ட்டில் விந்தணு பூஜ்யம், ஃப்ரக்டோஸும் இல்லை, அளவும் குறைவு, பிஹெச்சும் அமிலம் என்று நான்கும் சேர்ந்து வந்தால் விந்துப்பைச் சுரப்பு வெளியே வரவே இல்லை என்று அர்த்தம். குழாய் அடைப்போ, பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாததோ காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு விரையில் விந்தணு உற்பத்தி நன்றாகவே இருக்கக்கூடும். அதனால்தான் அந்த வரியைத் தாண்டிப் படிக்கக் கூடாது என்கிறேன்.

விந்தணுவின் வாழ்க்கையில் திரவத்தின் பங்கு இவ்வளவு என்றால், அதை விட்டு விலகுவதும் அதே அளவு முக்கியம். இயற்கையில் இதைக் கருப்பை வாயின் சளி செய்கிறது. நீந்தக்கூடியவை சளிக்குள் நுழையும்போது திரவம் வெளியே நின்றுவிடும், பின்தங்கியவை அதோடு சேர்ந்து வீணாகும். கோடிகளில் கிளம்பியவற்றில் முட்டை இருக்கும் பகுதியை எட்டுவது சில நூறுதான். ஆய்வகத்தில் இதையே கையால் செய்கிறார்கள், செமன் வாஷ் என்பது அதுதான். சிலிக்கா துகள் கலந்த திரவ அடுக்குகளின் மேல் விந்தை ஊற்றிச் சுழற்றினால் நல்ல விந்தணுக்கள் அடியில் சேரும், அல்லது விந்தின் மேல் ஊடகத்தை ஊற்றி, அதற்குள் நீந்தி வருபவற்றை மட்டும் எடுப்பார்கள். ஊடகத்தில் பைகார்பனேட், கால்சியம், அல்புமின் மூன்றும் இருக்கும். அல்புமின் அங்கே சத்துக்காக அல்ல, விந்தணுவின் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுப்பதற்கு. சாங் 1957-ல் கண்ட பிரேக்கைக் கழற்றும் வேலையைத்தான் இன்று எல்லா ஐவிஎஃப் ஆய்வகமும் தினமும் காலையில் செய்கிறது. ஐயூஐ, அதாவது விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை செய்யும்போது கழுவாத விந்தைக் கருப்பைக்குள் விடக் கூடாது என்பதற்கும் இதே திரவம் காரணம். அதிலிருக்கும் புராஸ்டாகிளாண்டின் கருப்பையைக் கடுமையாகச் சுருங்கவைத்து வலி உண்டாக்கும், கிருமித் தொற்று ஆபத்து வேறு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கழுவிய விந்தணுவே கருவாக்குகிறது, எபிடிடிமிஸிலிருந்தோ விரையிலிருந்தோ ஊசியால் எடுத்த, இந்தத் திரவத்தைப் பார்த்தே இராத விந்தணுவை வைத்து 1992-க்குப் பிறகு இக்சி முறையில் (ஒரே விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) எத்தனையோ குழந்தைகள் பிறந்திருக்கின்றன, அப்படியென்றால் திரவம் தேவையே இல்லையா? முட்டைக்குள் நுழையும் அந்தக் கணத்துக்குத் தேவையில்லை என்பதே உண்மை. இக்சியில் விந்தணு நீந்த வேண்டாம், காத்திருக்க வேண்டாம், உறையைத் துளைக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஊசி செய்துவிடுகிறது. திரவத்தின் வேலை அதற்கு முந்தைய மணிகளிலும் நாட்களிலும் இருக்கிறது, ஆய்வகம் அந்த மணிகளை இல்லாமலாக்கிவிட்டது.

திரவத்தோடு அதிக நேரம் இருந்தால் என்ன ஆகும் என்பதை மனிதர்களைவிடக் கால்நடைகளில் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள், காரணம் அங்கே விந்தை உறைய வைத்து விற்கும் தொழில் இருக்கிறது. காளையின் விந்துப்பையிலிருந்து பிஎஸ்பி என்ற புரத வகை வருகிறது. கொஞ்ச நேரம் விந்தணுவின் மேல் ஒட்டியிருக்கும்போது அது நல்லது. ஆனால் மணிக்கணக்கில் அதிலேயே ஊறினால் அதே புரதம் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலையும் பாஸ்போலிப்பிடையும் உருவி எடுத்துக்கொண்டே போகும், சவ்வு பலவீனமாகும், உறைந்து உருகும்போது தாங்காது. 1939 வாக்கில் ஃபிலிப்ஸ், லார்டி என்ற இருவர் காளை விந்தோடு முட்டை மஞ்சள் கருவைக் கலந்தால் நெடுநேரம் கெடாமல் இருப்பதைக் கண்டார்கள். ஏன் என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மஞ்சள் கருவிலிருக்கும் எல்டிஎல் கொழுப்புத் துகள்கள் போய் பிஎஸ்பி புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன, விந்தணு தப்பிக்கிறது என்று பின்னால் கனடாவில் மஞ்சுநாத் குழுவினர் காட்டினார்கள். வெள்ளாட்டுக் கிடாவிலோ இதே மஞ்சள் கரு நஞ்சாக மாறும். கிடாவின் கௌப்பர் சுரப்பியிலிருந்து வரும் நொதி மஞ்சள் கருவிலிருக்கும் லெசித்தின் என்ற கொழுப்பை உடைத்து, விந்தணுவைக் கொல்லும் பொருளாக்கிவிடும். பாலில் கலந்தாலும் அதே சுரப்பியின் லைபேஸ் பால் கொழுப்பை உடைத்துக் கெடுக்கும். அதனால் கிடா விந்தை உறைய வைப்பதற்கு முன் பல இடங்களில் முதலில் கழுவித் திரவத்தை எடுத்துவிடுவார்கள். ஓர் உயிரினத்தில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, எலி ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக மாத்திரை விஷயம், ஏனென்றால் இதையெல்லாம் படித்தவர்கள் அடுத்துத் தேடுவது அதைத்தான். விந்தில் துத்தநாகம் நிறைய இருக்கிறது, எனவே துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் விந்தணு வலுவாகும் என்று ஒரு கணக்கு பரவலாக இருக்கிறது. விந்தில் துத்தநாகத்தின் வேலைகளில் ஒன்று வாயிலை அடைத்து வைப்பது என்று மேலே பார்த்தோம், அதிகமாக ஊற்றினால் அதிக பலன் என்ற கணக்கு இங்கே ஆரம்பத்திலேயே பொருந்தவில்லை. சோதனையும் அதைத்தான் சொன்னது. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து, ஆண்களுக்கு ஆறு மாதம் தினமும் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஒரு பாதிக்கும், வெற்று மாத்திரை மறு பாதிக்கும் கொடுத்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. குழந்தை பிறந்த விகிதம் ஒரு பக்கம் 34 சதவீதம், மறுபக்கம் 35. விந்தணு எண்ணிக்கை, அசைவு, வடிவம் எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, டிஎன்ஏ சிதைவு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கொஞ்சம் அதிகம், வயிற்று உபாதையும் அவர்களுக்குத்தான். அதே ஆண்டு வெளியான இன்னொரு சோதனையில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம் எல்லாம் கலந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையாலும் விந்தணு அளவுகளோ கருத்தரிப்போ மேம்படவில்லை. ரத்தப் பரிசோதனையில் உண்மையிலேயே துத்தநாகக் குறைபாடு தெரிந்தவர் டாக்டர் சொன்னபடி சாப்பிடட்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தில், வெளியேறிய விந்து முழுவதும் சிந்தாமல் கொடுத்த ஒரு ஒழுங்கான மாதிரியை வைத்துப் பரிசோதனையை மறுபடி செய்துபார்க்கலாம், இந்த முறை மேல் வரிகளையும் சேர்த்துப் படிக்கலாம்.